ரூமுக்கு 5 ஸ்டார், தியேட்டருக்கு 1 ஸ்டார்

கொங்குப் பக்கம் ஒரு நடுத்தர ஊரில் இருக்கும் தனியார் மகப்பேறு ஆஸ்பத்திரி பற்றிய விமர்சனம் இது. பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே ஓடும், "எங்கக்காவுக்கு அங்கதான் பார்த்தோம், நல்லாத்தான் பார்த்தாங்க" என்று பத்துப் பேர் வருவார்கள், சொல்ல வந்த விஷயம் நின்றுவிடும். அதே மாதிரி ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். இரண்டு மாடி, கீழே மெடிக்கல் ஷாப், வாசலில் பிள்ளையார், ரிசப்ஷன் சுவரில் சிரிக்கிற குழந்தைப் படம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓ.பி.யில் டாக்டரம்மா பொறுமையாகப் பேசுவார், கேள்வி கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம், அலைச்சல் இல்லை. ரூம் சுத்தம், எந்நேரமும் சுடுதண்ணீர், கூட இருப்பவருக்குத் தனிக் கட்டில். நர்ஸுகள் எல்லோரும் சின்னப் பெண்கள், "அக்கா, அக்கா" என்று ஓடி ஓடிச் செய்தார்கள். கேன்டீன் ரசத்தை மட்டும் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பேக்கேஜ் 75,000 ரூபாய், மருந்துக்குத் தனி. இது எல்லாவற்றுக்கும் 5 ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம்.

1 ஸ்டார் எதற்கு என்றால், முதுகில் போட்ட மரக்கவைக்கும் ஊசி சரியாகப் பிடிக்காமலேயே என் வயிற்றைத் திறந்ததற்கு.

எனக்கு அவசரக் கேஸ் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை கால் மாறி இருந்தது, 38 வாரம் தாண்டியும் தலை திரும்பவில்லை, நாள் பார்த்து வைத்த சிசேரியன் ஆபரேஷன். நாள் மட்டுமா, அத்தை ஜோசியரிடம் போய் நேரமும் வாங்கி வந்திருந்தார், காலை 7.30க்குள் குழந்தை வெளியே வந்துவிட வேண்டும். டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே "சரிங்க, பண்ணிடலாம்" என்று ஒத்துக்கொண்டார். நம் பக்கம் இது சகஜம், பல ஆஸ்பத்திரிகளில் "டைம் பாத்துட்டீங்களா?" என்று அவர்களே கேட்கிறார்கள். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த 7.30 தியேட்டருக்குள் இருந்த எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருந்தது.

மயக்க டாக்டர் வந்தது 7 மணி தாண்டி. அதற்கு முன்னால் அவரை நான் பார்த்ததே இல்லை. கர்ப்ப காலம் முழுக்க அந்த ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் யாரும் "மயக்க டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க" என்று சொன்னதில்லை. அவர் அந்த ஆஸ்பத்திரி ஆளே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரில் இருக்கும் நான்கைந்து நர்சிங் ஹோமுக்கும் அவர் ஒருவர்தான் ஓடுகிறார், கேஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. பில்லில் 'அனஸ்தீசியா சார்ஜ்' என்று 7,000 ரூபாய் தனி வரியாக இருந்தது. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. அதில் தப்பு என்று சொல்லவில்லை, அவர் இல்லாவிட்டால் அந்த ஊர்களில் ஆபரேஷனே நடக்காது. ஆனால் ஒரு ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிக்கிற மனிதருக்கு, ஊசி ஏறியதா என்று காத்திருந்து பார்க்கப் பொறுமை எங்கிருந்து வரும்?

டேபிளில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொன்னார்கள். முதல் குத்தில் எலும்பு தட்டியது. இரண்டாவதில் "வந்திடுச்சு" என்றார், அதாவது தண்டுவட நீர் வந்துவிட்டது. மருந்தை ஏற்றும்போது முதுகில் இடுப்புப் பக்கமாக ஏதோ சில்லென்று ஒரு கோடு வழிந்தது. ஸ்பிரிட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். படுக்கவைத்தார்கள். வலது கால் கதகதவென்று சூடாகி, கனத்து, இல்லாமலே போய்விட்டது. இடது கால் மரத்த மாதிரி இருந்தது, ஆனால் கட்டைவிரலை ஆட்ட முடிந்தது. சொன்னேன். "பிடிச்சிரும், பிடிச்சிரும்" என்றார். டாக்டரம்மா வயிற்றில் எதையோ வைத்துக் கிள்ளினார். "தெரியுதா?" "தெரியுதுங்க." "தொடறது தெரியும்மா, வலி தெரியாது." கையை இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டியிருந்தார்கள், கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணி.

கத்தி வைத்தபோது வலது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கோடு இடது பக்கம் வந்தபோது எரிந்தது. நன்றாகவே எரிந்தது. "வலிக்குதுங்க டாக்டர்" என்றேன். "இழுக்கறதுதான் கண்ணு, வலி இல்ல." உள்ளே போகப் போக வலி பெருகியது, கத்தினேன், மயக்க டாக்டர் என் தலைமாட்டில் நின்று "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, குழந்தை வந்துரும்" என்றார். ஒரு நர்ஸ் பெண் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் நான் சொன்னதை நம்பியது அவள் ஒருத்திதான் என்று இன்றைக்கும் தோன்றும். குழந்தையை எடுத்த பிறகு ஏதோ மருந்து கொடுத்தார்கள், மேலே இருந்த விளக்கு அகலமாகி அகலமாகி உருகியது, எங்கேயோ போய்விட்டேன். கெட்டமின் என்ற மயக்க மருந்து என்று பிறகு கேஸ் ஷீட்டில் பார்த்தேன்.

7.26க்குக் குழந்தை பிறந்தது. அத்தைக்குச் சந்தோஷம்.

ரவுண்ட்ஸில் கேட்டபோது டாக்டரம்மா சொன்னது: "நீ கொஞ்சம் சென்சிட்டிவ்வான பொண்ணும்மா, பயந்துட்ட." வீட்டுக்குப் பார்க்க வந்த பெரியம்மா ஒருவர், "சிசேரியன்தானே, நோகாம நோம்பி கும்பிட்டுட்ட" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். பதில் பேசத் தெம்பில்லை.

அப்புறம் நானே தேடித் தேடிப் படித்தேன், தெரிந்த டாக்டர்களிடம் கேட்டேன். அதில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அந்த 1 ஸ்டாருக்கு அர்த்தம் புரியாது.

சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது புப்பிவகெயின் என்ற மருந்து. அதிலும் 'ஹெவி' என்று ஒன்று. குளுக்கோஸ் கலந்திருப்பதால் தண்டுவட நீரைவிடக் கனமாக இருக்கும், டேபிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இறங்கும். அளவு சுமார் 2 மில்லி. டீஸ்பூனில் பாதிகூட வராது. அந்த இத்தனூண்டு மருந்தும் முழுசாக உள்ளே போயாக வேண்டும். ஊசி நுனி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தால் நீர் வரும், ஆனால் மருந்தில் ஒரு பகுதி வேறு இடத்துக்குப் போய்விடும். சிரிஞ்சை மாட்டும்போது ஊசி ஒரு இம்மி நகர்ந்தாலும் அப்படித்தான். ஊசியும் சிரிஞ்சும் சேரும் இடத்தில் கசிந்தாலும் போச்சு. என் முதுகில் வழிந்தது அதுவாக இருக்கலாம், ஸ்பிரிட்டாகவும் இருக்கலாம். எல்லாம் சரியாகச் செய்தாலும் மருந்து கீழேயே தங்கிவிடுவது உண்டு, ஒரு பக்கம் மட்டும் ஏறுவதும் உண்டு. அதாவது, கைதேர்ந்தவர் போட்டாலும் சில சமயம் தவறும். 2022இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியன்களில், முதுகு வழியாக மரக்கவைத்த பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்குக் கூடுதலாக வலி மருந்தோ மயக்கமோ தேவைப்பட்டதாகச் சொல்கிறது. நான் அபூர்வப் பிறவி இல்லை.

தமிழ்நாட்டில் இதைப் பேசாமல் இருப்பதுதான் ஆச்சரியம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி இங்கே பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. ஏராளமான வீடுகளில் இந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண் இருக்கிறாள். ஆனால் ஊசி பற்றி நாம் பேசுவதெல்லாம் "முதுகுல போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி" என்பது ஒன்றுதான்.

அடுத்தது, எதுவரை மரக்க வேண்டும். வெட்டுவது அடிவயிற்றில்தானே, தொப்புள் வரை மரத்தால் போதாதா என்று நானும் நினைத்திருந்தேன். போதாது. தோல்தான் கீழே இருக்கிறது, வயிற்றின் உட்சவ்வை இழுக்கும்போது கிளம்பும் வலி மேலே நெஞ்சு மட்டத்து நரம்புகள் வரை போகும். அதனால் மார்புக் காம்பு உயரம் வரை சில்லிப்பு தெரியாமல் இருக்க வேண்டும், தொடுவதும் கிட்டத்தட்ட அந்த உயரம் வரை தெரியக் கூடாது. இதைப் பார்க்கப் பெரிய மிஷின் ஒன்றும் வேண்டாம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு போதும், ஐஸ் கட்டி போதும். இரண்டு பக்கமும் கீழிருந்து மேலாகத் தொட்டு "சில்லுனு இருக்கா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. அது எனக்கு நடக்கவில்லை. கிள்ளிப் பார்த்தது ஒரே இடத்தில், அதற்கும் தெரிகிறது என்றுதான் பதில் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. முதுகில் மருந்து ஏற்றி மரக்கவைத்து ஆபரேஷன் செய்யும் முறையை 1898இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் தொடங்கினார். தன் மேலேயே சோதித்துப் பார்க்க, உதவியாளர் ஹில்டெபிராண்டை ஊசி போடச் சொன்னார். ஊசிக்குச் சிரிஞ்ச் பொருந்தவில்லை, தண்டுவட நீர் ஒழுகியது, மருந்தும் வீணானது. உடனே ஹில்டெபிராண்டே தன் முதுகைக் காட்ட, பியர் அவருக்குக் கொக்கெயின் ஏற்றினார், அது பிடித்தது. பிடித்ததா என்று எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? கீழ்க்கால் எலும்பில் சுத்தியலால் தட்டி, எரியும் சுருட்டை வைத்து, முடியைப் பிடுங்கி. அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டு, ஒயின் குடித்து, தலைவலியோடு படுத்தார்கள், அது வேறு கதை. அந்தக் காலத்திலேயே, தொடங்கிய புதிதிலேயே, ஊசி பொருந்தாமல் ஒழுகும் என்பதும் தெரிந்திருக்கிறது, போட்ட பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சுருட்டு வேண்டாம், ஒரு பஞ்சு போதும் என்றுதான் கேட்கிறேன்.

சரி, சோதித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால்? காத்திருக்கலாம். டேபிளைச் சாய்க்கலாம். நிலைமையைப் பொறுத்து இன்னொரு முறை போடலாம், அதில் மருந்து ரொம்ப மேலே ஏறி மூச்சைப் பாதிக்கும் அபாயம் உண்டு என்பதால் யோசித்துத்தான் போடுவார்கள். எதுவும் ஆகாவிட்டால் முழு மயக்கம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு முழு மயக்கம் கொடுக்க டாக்டர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு, வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம், தொண்டையில் டியூப் போடுவது கஷ்டமாகலாம், குழந்தையும் கொஞ்சம் அசந்து பிறக்கலாம். ஆனால் தயங்குவது வேறு, கொடுக்காமலே முடித்துவிடுவது வேறு. கத்தி வைத்த பிறகு வலிக்கிறது என்று அந்தப் பெண் சொன்னால், நிறுத்த முடிகிற இடத்தில் சர்ஜன் நிறுத்த வேண்டும், அவள் சொல்வதை நம்ப வேண்டும், முழு மயக்கம் வேண்டுமா என்று அவளிடமே கேட்க வேண்டும். இது என் ஆசை இல்லை. இங்கிலாந்தின் மகப்பேறு மயக்க மருத்துவர்கள் 2022இல் எழுதிய வழிகாட்டுதலும், அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. குழந்தைக்கு நாடித் துடிப்பு இறங்கி நிமிஷக் கணக்கில் ஓட வேண்டிய கேஸ் என்றால் எனக்குப் புரியும். எனக்கு ஓட்டமெல்லாம் பஞ்சாங்கத்தால் வந்தது.

இந்த விமர்சனத்தை ஏதோ கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இரண்டாவது பிரசவம் இருக்கிறது. அது பக்கத்து மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில். வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. "காசு இல்லாமலா அங்க போற?" என்று என் அம்மாவே கேட்டார். நான் போனதற்குக் காரணம் ஒன்றுதான், அங்கே மயக்க மருத்துவத்துக்கென்று ஒரு துறையே இருக்கிறது, ராத்திரி 2 மணிக்கும் ஒரு ஆள் கட்டடத்துக்குள் இருப்பார்.

குறைகளை மறைக்க மாட்டேன். வார்டில் கூட்டம், கூட வந்தவர்கள் வராந்தாவில் பாய் விரித்துத்தான் படுக்க வேண்டும். கழிப்பறையைப் பற்றி எழுதினால் இது வேறு மாதிரி விமர்சனம் ஆகிவிடும். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று ரேட் சொன்னார், அதுவும் கூச்சமே இல்லாமல். அதற்கெல்லாம் 2 ஸ்டார் கொடுத்தாலே அதிகம்.

ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே மயக்க ஓ.பி.க்கு அனுப்பினார்கள். ஒரு பி.ஜி. டாக்டர், அதாவது மேற்படிப்பு படிக்கிற டாக்டர், சின்னப் பெண், முதல் பிரசவத்தில் என்ன ஆனது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "எந்தப் பக்கம் தெரிஞ்சுது? கத்தி வெச்ச உடனேயா, உள்ள போன பிறகா?" என்று கேட்டார். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதே கிடையாது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் திடீரென்று "தேள் கடிச்சிருக்காக்கா?" என்றார். சின்ன வயதில் தோட்டத்தில் கடித்தது உண்டு. தேள் கடி பட்டவர்களுக்கு இந்த மருந்து சரியாக ஏறுவதில்லை என்று நம் நாட்டு மயக்க மருத்துவர்கள் சிலர் கேஸ் ரிப்போர்ட் எழுதியிருக்கிறார்களாம், எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் இல்லை, ஆனாலும் கேட்டு வைப்போம் என்றார். எனக்கு அதைவிட ஆறுதலான கேள்வியை யாரும் கேட்டதில்லை. உனக்குப் பயம் என்று சொல்லாமல் வேறு காரணம் இருக்குமா என்று தேடுகிறாரே!

தியேட்டரில் அதே பெண்தான், பக்கத்தில் அவருடைய அசிஸ்டன்ட் புரொஃபசர். ஊசி போட்டுப் படுக்கவைத்ததும், முதலில் என் தோளில் நனைந்த பஞ்சைத் தடவி "இந்தச் சில்லுனு இருக்கறது தெரியுதா, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார். பிறகு தொடையிலிருந்து மேலே மேலே, வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை. வலது பக்கம் மார்பு வரை ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் தொப்புளுக்கு மேலே சில்லென்று இருந்தது. மறுபடியும் அதேதான்! எனக்கு வேர்த்துவிட்டது. சர்ஜன் கையுறை போட்டு, கத்தி கேட்டு, தயாராக நிற்கிறார், அவர் சீனியர், இந்தப் பெண்ணுக்கு 26, 27 வயதுதான் இருக்கும். "மேடம், இடது பக்கம் ஏறலை, இன்னும் கொஞ்சம் டைம் வேணும்" என்றார் நிமிர்ந்து. சர்ஜன் ஒன்றும் சொல்லவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டேபிளை இடது பக்கமாகச் சாய்த்து, தலைப்பக்கம் கொஞ்சம் இறக்கி, மறுபடி பஞ்சு, மறுபடி பஞ்சு. பத்து நிமிடம் போல ஆகியிருக்கும். ஏறிவிட்டது. ஏறாவிட்டால் முழு மயக்கம் கொடுத்துவிடுவோம், பயப்பட வேண்டாம் என்று அதற்குள்ளேயே சொல்லிவிட்டார்கள்.

கத்தி வைத்ததே எனக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குள் யாரோ மாவு பிசைவது மாதிரி இருந்தது, அமுக்குகிறார்கள், இழுக்கிறார்கள், எல்லாம் தெரிகிறது, வலி மட்டும் இல்லை. அப்போதுதான் புரிந்தது, "இழுக்கறதுதான் கண்ணு" என்று முதல் தடவை சொன்னார்களே, உண்மையான இழுப்பு என்பது இதுதான், அன்றைக்கு எனக்கு நடந்தது இது இல்லவே இல்லை. கர்ப்பப்பையைத் தைத்து உள்ளே வைக்கும்போது மேல்வயிற்றில் ஒரு வலி, தோள்பட்டை வரை. சொன்னேன். "நிறுத்துங்க மேடம்" என்று ஒரு குரல், கைகள் நின்றன, ட்ரிப் வழியாக ஃபென்டனில் என்ற வலி மருந்து போட்டார்கள், அடங்கியதா என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள். மறுநாள் அந்தப் பெண் வார்டுக்கு வந்து, அந்தக் கூட்டத்தில் என் கட்டிலைத் தேடிப்பிடித்து, "நேத்து வலி ஞாபகம் இருக்காக்கா, தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டார்.

ஆக இரண்டு இடத்திலும் முதல் ஊசி இடது பக்கம் தகராறு செய்தது. என் உடம்பு அப்படியோ என்னவோ. தவறியதற்காக நான் ஸ்டாரைக் குறைக்கவில்லை. பார்க்காததற்கும், சொன்ன பிறகும் நம்பாததற்கும்தான் குறைக்கிறேன்.

இன்னொன்றுக்கும் சேர்த்துக் குறைக்கிறேன். அது கேஸ் ஷீட். முதல் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்பைனல் அனஸ்தீசியா, நார்மல்' என்கிற மாதிரி ஒரு வரிதான் இருந்தது. முழுக் கேஸ் ஷீட் வேண்டும் என்று கேட்டதற்கு ரிசப்ஷனில் "அதெல்லாம் தர்றதில்லைங்க" என்றார்கள். தர வேண்டும். மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அந்த விதியை மேற்கோள் காட்டி ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சீல் கேட்டார். சீல் கேட்டவுடன் குரல் மாறியது, நகல் கிடைத்தது. அதில் மயக்கச் சீட்டில் 'பிளாக் அடிக்வேட்' என்று எழுதியிருந்தது, அதாவது போதுமான அளவு மரத்திருந்ததாம். எந்த மட்டம் வரை என்று நிரப்ப வேண்டிய கட்டம் காலி. நான் கத்தியது எங்கேயும் இல்லை. அதே தாளில், கீழே, கெட்டமின் கொடுத்த நேரம் மட்டும் சரியாக இருந்தது. போதுமான அளவு மரத்திருந்தால் கெட்டமின் எதற்கு என்று அதை எழுதியவருக்கே தோன்றவில்லை போல.

இது வெறும் காகிதச் சண்டை இல்லை. ஒரு தடவை ஊசி பிடிக்கவில்லை என்பது அடுத்த மயக்க டாக்டருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம். மறைத்துவிட்டால் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். நான் வாயால் சொன்னதை அந்தப் பி.ஜி. பெண் நம்பினார், அது என் அதிர்ஷ்டம்.

கேஸ் போடவில்லையா என்று கேட்பீர்கள். போடலாம், 1995 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது, மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் (ஜே.டி.) ஆபீஸிலும் புகார் கொடுக்கலாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எனக்குத் தெம்பில்லை, எனக்குப் பணமும் வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மாவை நேரில் பார்த்து, இது நடந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். "அப்படியெல்லாம் எழுதற வழக்கம் இல்லம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் ஒரு மாதிரி இருந்தது. அவர் கெட்டவர் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி அவருடையது, மயக்க டாக்டர் வெளி ஆள், அவரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார், எல்லாம் புரிகிறது. புரிந்தாலும் ஸ்டார் ஏறாது.

ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு: ஏ.சி. ரூம் இருக்கிறதா, பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்கிற அதே மூச்சில், மயக்க டாக்டர் யார், ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் பார்க்க முடியுமா, தையல் முடியும் வரை தியேட்டரில் இருப்பாரா என்று கேளுங்கள். பிடித்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள், வலித்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடமா, உட்கார்ந்து பதில் சொல்லும் இடமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நேரம் குறித்துக் கொடுக்கும் பெரியவர்களிடம் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு வாங்கச் சொல்லுங்கள், ஏழரைக்குள் என்று கழுத்தைப் பிடிக்கிற நேரம் வேண்டாம். ஏற்கனவே ஒரு முறை இப்படி ஆகியிருந்தால், சம்மரியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த முறை வாய் திறந்து முதலிலேயே சொல்லுங்கள்.

பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் முழுநேர மயக்க டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கே நன்றாக நடந்ததாகத் தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் தனியார் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அரசு என்றாலே கோயில் என்றும் சொல்லவில்லை, அந்தக் கழிப்பறையைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

இந்த ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போகலாம், ஸ்கேனுக்குப் போகலாம், என் பையனுக்குத் தடுப்பூசிகூட அங்கேதான் போட்டோம். சிசேரியனுக்கு, மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் போங்கள். போன மாதம் என் தோழி ஒருத்தி அங்கே போய்க் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் மேடம் பாத்துக்குவாங்க" என்று ரிசப்ஷனிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதனால் அந்த 1 ஸ்டாரை இப்போதைக்கு மாற்றவில்லை.